நாட்டார் ஒத்துக்கொண்ட எட்டாம் விதி

9.8.2010, திங்கள்

ஆடிக் காற்று. பஸ் ஜன்னல் மூட வரவில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை கண்ணில் மண்.

வாங்க: ரீஃபில், ஹேர்பின், அம்மாவுக்கு இருமல் மருந்து.

அலுவலகத்தில் புது வேலை. அரசு பஸ்களில் எதை ஏற்றலாம், எதை ஏற்றக் கூடாது என்று வழிகாட்டு விதிகள் வரப்போகின்றன. வரைவு ஆங்கிலத்தில். தமிழாக்க வேண்டியது நான். பொதுமக்களிடம் கருத்துக் கேட்ட பிறகுதான் இறுதியாகுமாம். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஒப்பந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் எனக்கே ஒரு சின்னப் பெருமை. எட்டாம் விதி வரும்வரை.

"துர்நாற்றம் தரும் பொருள்கள், நீர் கசியும் பாத்திரங்கள் ஏற்றப்பட மாட்டா." மீன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. நான் வாடை என்றுதான் எழுதினேன். கண்காணிப்பாளர் (இனி க.) அடித்துவிட்டுத் துர்நாற்றம் ஆக்கினார்.

அவரே மத்தியானம் என் மேசைக்கு வந்து: "நீ கடலூர்லேர்ந்துதானம்மா வர்ற? சனிக்கெழம நல்ல வஞ்சரமா ஒன்னு வாங்கியாயேன். பஸ்லயே வெச்சி எடுத்தாந்துடலாம்."

11.8, புதன்

புதுச்சத்திரம் நிறுத்தத்தில் வழக்கம்போல செல்வி அக்காவும் குப்பத்துப் பெண்களும். தலையில் அலுமினிய அன்னக்கூடை. சங்கரா, காரப்பொடி மீன், சிதம்பரத்தில் விற்க. செ. அக்கா பின்படிக்கட்டின் பக்கம் நிற்பாள். இடம் இருந்தாலும் உட்கார மாட்டாள். கூடைத் தண்ணீர் என் புடவை ஓரத்தில். எரிச்சல் வந்தது, பொய் சொல்வானேன்.

எட்டாம் விதியைச் சொன்னேன்.

"அப்ப ஷேர் ஆட்டோலதான் போவணும்ன்றியா? அவனுக்குக் குடுத்துட்டா எங்கையில செதிலுதான் நிக்கும். ரெண்டு பொண்ணுங்கள எத வெச்சிப் படிக்க வைக்கறது?"

புருஷன் கடலுக்குப் போவது குறைந்து, கடைக்குப் போவது கூடிப்போன வீடு அது. இந்தக் கூடைதான் எல்லாம்.

"செவ்வாக்கிழம கருத்துக் கேக்கறாங்கக்கா. யாரு வேணாலும் வந்து பேசலாம்."

"என்னா நேரம்?"

"பதினோரு மணி."

அவள் சிரித்தாள். "ஏவாரம் முடியற நேரமா பாத்து வெக்க மாட்டாங்களே."

அறிவிப்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தேன். டெப்போவில், மேலாளர் அறைக்குள், காலண்டருக்குப் பக்கத்தில்.

17.8, செவ்வாய்

புழுக்கம். தலைவலி இன்னும் போகவில்லை.

கூட்டம். முன்வரிசை நிரம்ப எங்கள் அலுவலக ஆட்களே. பொதுமக்கள் வராவிட்டால் நாற்காலி காலியாகத் தெரியுமே. கீழவீதியிலிருந்து வந்த ஒரு பெரியவர் பேசினார்: "குளிச்சிட்டு ஏறறோம் சார். எறங்கறச்சே திரும்பக் குளிக்க வேண்டியிருக்கு." கைதட்டல். யாரோ கேசரி பற்றிக் கேட்டார்கள்.

பிறகு க. மேடைக்கு அழைத்தது குப்பத்து நாட்டாரை. அங்கே ஊர்த் தலைவரை அப்படித்தான் சொல்வார்கள். வெள்ளைச் சட்டை, மோதிரம். மோட்டார் சைக்கிளில் வந்தார். அவர் பஸ் ஏறி நான் பார்த்ததே இல்லை. க. முந்தின வாரமே போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறார்: ரோட்டோரம் நிழற்குடை கட்டித் தருவதாக, அதில் ஊர்ப் பெயர். சால்வை போர்த்தினார்கள்.

"எங்க ஊருக்கு முழு சம்மதங்க. ஊரு சார்பா நன்றி."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே, வேப்பமரத்தடியில், செ. அக்காவும் இன்னும் ஆறேழு பெண்களும். பாதி விற்ற கூடைகளோடு வந்துவிட்டிருக்கிறார்கள். எழுந்து ஓடினேன்.

"உள்ள வாங்கக்கா. இப்ப பேசினாத்தான் உண்டு."

"நாட்டாரு உக்காந்திருக்காரே."

"இருந்தா?"

"ஊரு பேசற எடத்துல பொம்பளைங்க பேச மாட்டோம்மா. எங்க வழக்கம் அது." மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். ஒருத்தி மட்டும், "பஸ்ஸு ஏறறது நாமளு, பேசறது அவுரு" என்றாள் மரத்தைப் பார்த்துக்கொண்டு.

க.வுக்கு இந்த வழக்கம் தெரியும். தெரிந்துதான் அவரை அழைத்தார். சட்டத்தை மீறவில்லை, பொய் சொல்லவில்லை, யாரையும் தடுக்கவில்லை. வாசல் திறந்தே இருந்தது.

18.8, புதன்

தொகுப்பு எழுதினேன். கடைசியில் ஒரு பத்தி: மீன் விற்கும் பெண்கள் வெளியே நின்றார்கள், அவர்களுக்கு ஆட்சேபம் உண்டு.

க. படித்தார். சிவப்பு மை.

"மரத்தடி கருத்தெல்லாம் பதிவுல வராதும்மா. ஊரு சம்மதம்னு ஊர்த் தலைவரே சொல்லிட்டாரு. நீ என்னா, அவுங்களுக்கு வக்கீலா?"

"இல்ல சார்."

"ஒப்பந்தம் எப்ப முடியுது உனக்கு?"

"மார்ச்ல சார்."

"ம்."

வெளியே வந்து, குழாயடியில் வாய் கொப்பளித்தேன். எத்தனை புத்தகம் படித்து என்ன?

இருமல் மருந்து மறந்துபோயிற்று.

1.10, வெள்ளி

லேசான தூறல். விதி இன்று முதல் அமல். பஸ்ஸுக்குள் புது ஸ்டிக்கர்: "பொதுமக்களின் கருத்தறிந்து வகுக்கப்பட்டது." என் தமிழ்தான். பார்க்கவே கூசியது.

புதுச்சத்திரம். கண்டக்டர் படியில் நின்று கையை நீட்டி மறித்தார். "கூடைய கீழ வெச்சிட்டு ஏறு."

"கூடைய வெச்சிட்டு நான் எதுக்குய்யா ஏறணும்? மாமியா ஊட்டுக்குப் போறனா?"

"என்ன ஏன் திட்டற? உங்க நாட்டாரே ஒத்துக்கிட்டாராம்ல."

செ. அக்கா கூடையோடு பின்வாங்கி நின்றாள். திட்டியிருந்தால் தேவலை. மடியில் புத்தகம், சிதம்பரம் வரை ஒரு பக்கம் நகரவில்லை.

சாயங்காலம் திரும்பும்போது அதே நிறுத்தத்தில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகச் செ. அக்காவிடம் கேட்டேன், என்ன ஆயிற்று என்று.

"முடிவு பண்ணிட்டோம். திங்கக்கெழமலேர்ந்து கரையில எவளும் கூடையத் தொட மாட்டா. புடிச்சவங்களே தூக்கினு போயி விக்கட்டும்."

"நாட்டார் விடுவாரா?"

"நாங்க எங்க பேசனோம்? தூக்கல, அவ்ளோதான்."

4.10, திங்கள்

வெயில் தெளிந்திருந்தது. புதுச்சத்திரத்தில் பெண்கள் யாரும் இல்லை, செ. அக்காவைத் தவிர. கூடை இல்லை. தலை நிறையக் கனகாம்பரம். ஏறி, முதல் முறையாக, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கக்கா?"

"தில்லைக்காளியப் பாக்க. இத்தினி வருசமா டவுனுக்கு வரேன், ஒரு நா போனதில்ல."

அப்போதுதான் படிக்கட்டில் சத்தம். நாட்டார். வெள்ளைச் சட்டை தோளில் நனைந்திருந்தது. மரத்தடியில் மோட்டார் சைக்கிள், அதில் ஏற்ற முடியாத மூன்று அன்னக்கூடை, நிறைய அவர் படகு மீன், மேலே உருகும் ஐஸ்.

"ஏத்துப்பா, நாறிடும்."

"ஏத்தக் கூடாது பெருசு. ரூலு."

"நான்தான்யா அதுக்கு ஒத்துக்கிட்டதே!"

"அதான் சொல்றேன். உனக்கே தெரியுதுல்ல?"

பஸ்ஸில் பாதிப்பேர் சிரித்துவிட்டார்கள். கீழவீதிப் பெரியவர் மாதிரி ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நாட்டார் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்து எங்களிடம் நின்றார்.

"ஏம்மா செல்வி, நீயாச்சும் சொல்லேன் இவங்கிட்ட. தெனம் போறவ."

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

"ஊரு பேசி முடிச்சத நான் எப்படி நாட்டாரே மாத்திப் பேசறது?"

பிறகு திரும்பி, "வெசிலு ஊது கண்டக்டரு. நேரமாவுது."