சிவப்பு தெரியாத விளக்கு

ஏங்க, நீங்கள் குளித்து வருவதற்குள் நான் வெளியே கிளம்பிவிடுவேன், அதனால் இந்தச் சீட்டு. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். முதலில் சாப்பிடுங்கள், அப்புறம் அந்த விளக்கைக் கட்டிக்கொண்டு அழலாம்.

பழைய ஆய்வகச் சாமான் விற்பவர் சாயங்காலம் அந்தச் சோடியம் விளக்கை மறுபடியும் கொண்டுவருகிறாராம். "வாங்கலாமா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணும்மா" என்று என் தலையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டீர்கள். நாளைக்கு அது எரியாவிட்டால் "நீதானே வாங்கச் சொன்ன?" என்று கேட்க வசதியாக இருக்கும். இந்தச் சாமர்த்தியத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

போன தடவை அவர் பார்க்கக் கொடுத்தபோது, கொண்டுவந்து என் தையல் மேசையிலேயே ஏற்றினீர்கள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் எல்லா நூலும் சாம்பலாகத்தான் தெரிந்தது. சிவப்பு ரவிக்கைக்குப் பச்சை நூல் போட்டுத் தைத்துவிட்டு, தைக்கக் கொடுத்த அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். நீங்களோ, "அதுதாண்டி இந்த விளக்கோட விசேஷமே!" என்று எனக்குப் பாடம் எடுத்தீர்கள்.

அதனால் என் முடிவு: வேண்டாம். அவரிடம் நீங்களே சொல்லுங்கள்.

வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுங்கள். போன வாரம் மாதிரி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள்.

செருப்பை மாட்டிய பிறகு எழுதுகிறேன்: சரி, வாங்கித் தொலையுங்கள். ஏற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ராத்திரி சாப்பாட்டு மேசையில் அதையே வையுங்கள். காலையிலிருந்து என் முகம் கோபத்தில் சிவந்து கிடக்கிறது. அந்த வெளிச்சத்தில் அது தெரியாது, நிம்மதியாகச் சாப்பிடுவீர்கள்.