அவர் தானே தட்டிய அத்தியாயம்

அன்புள்ள மகனுக்கு,

நீயும் மருமகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய பெட்டி பழுதில்லாமல் வந்தது. பக்கத்து வீட்டு நர்ஸ் அதைப் பிரித்து, அப்பாவின் மேசைமேல் வைத்து இயக்கிக் கொடுத்தாள்.

அது அப்பாவின் குரலில் பேசியது. அவருடைய பழைய வானொலிப் பேச்சுகளிலிருந்து குரலை எடுத்ததாக எழுதியிருந்தாய். நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். நடுவில் தொண்டையைச் செருமுவதுகூட அப்படியே. என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

போன வாரம் பதிப்பாளர் வந்து பெட்டியைப் பார்த்தார். இதையெல்லாம் ஐயா அந்தக் காலத்திலேயே நாவலில் எழுதிவிட்டாரே, புதிய அட்டையில் 'தீர்க்கதரிசி' என்று போடுகிறேன் என்றார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடியவருக்கு அந்தப் பட்டம் வேண்டாம் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நீ அந்த நாவலைப் படித்ததில்லை. அதில் ஓர் எழுத்தாளர் இறந்துபோகிறார். வெளிநாட்டு மகன் இறுதிச் சடங்கைக் கைக்குள் அடங்கும் கண்ணாடியில் பார்க்கிறான். பிறகு, தாய்க்குத் துணையாகத் தகப்பன் குரலில் பேசும் இயந்திரம் ஒன்றை அனுப்புகிறான்.

உனக்கு விடுப்பு கிடைக்காததைப் பற்றி நான் குறை சொல்லவில்லை.

அப்பா நடந்துகொண்டே கதையைச் சொல்வார், நான் தட்டச்சு செய்வேன். பிடிக்காத வரி வந்தால் கையை எடுத்துவிடுவேன். அப்புறம் சண்டைதான். நேற்று அந்தப் பெட்டியையும் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தேன். உங்கள் நாவலின் முடிவு சுத்த அபத்தம் என்றேன்.

"நீ சொன்னா சரிதான்மா" என்றது.

என்னோடு வாழ்ந்த காலமெல்லாம் அவர் வாயில் வராத பேச்சு. அவர் இனி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அந்த நாவலின் கடைசி அத்தியாயத்தை மட்டும் நான் தட்ட மறுத்தேன். தாய் வாசலையே பார்த்திருக்கிறாள், மகன் வருவதில்லை. "நம்ம பிள்ளை அப்படி இல்லைங்க" என்றேன். "கதைதானே, உனக்கென்ன?" என்று ஒற்றை விரலால் தானே தட்டி முடித்தார். அடுத்த அறையில் நீ சத்தமாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாய்.

என் உடம்பைப் பற்றி டாக்டர் உனக்கு எழுதியிருப்பார். அவர் மிகைப்படுத்திப் பேசுகிறவர் அல்ல.

உன் அப்பா எழுதியதெல்லாம் பலிக்கிறதென்று எல்லோரும் வியக்கிறார்கள். ஓர் இடத்திலாவது அவர் என்னிடம் தோற்கட்டும். உன் அறையைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறேன். நல்லபடியாக வந்து சேர்.

எப்போதும் உன் நலம் வேண்டும்,
அம்மா