கேமராவுக்கும் ஒரு பொட்டு

ஜூரோங், சிங்கப்பூர்
16.9.1984

அன்பு அமராவதிக்கு,

நீயும் அம்மாவும், நான் இன்னும் முகம் பாராத நம் பூங்கோதையும் சுகம்தானே? ஊருக்கு வரும் ஐயாவுவிடம் கேமரா கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஃபிலிம் போட்டாயிற்று. பிள்ளையைப் படம் எடுத்து, கோலசிலாங்கூர் கடையில் கழுவி அனுப்பு. கப்பல் பட்டறையில் தீபாவளிக்கு லீவு கேட்கவே தயக்கமாக இருக்கிறது. படம் கையில் இருந்தால் பொங்கல்வரை தாங்கிக்கொள்வேன்.

உன் கணவன்,
சேது

புக்கிட் ரோத்தான்
மலேசியா
8.10.1984

அன்புள்ள மாமாவுக்கு,

கோபப்படாதீர்கள். ஒரு படமும் வரவில்லை. கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, சுருளை விரித்துக் காட்டினார். முழுக்கக் கறுப்பு. உள்ளே வெளிச்சம் புகுந்துவிட்டதாம்.

புகாமல் என்ன செய்யும்? பன்னிரண்டு படம் எடுத்து வைத்திருந்தேன். அதற்குள் ஆயுத பூசை வந்துவிட்டது. அரிவாள், உங்கள் சைக்கிள் எல்லாவற்றோடும் கேமராவையும் வைத்தோம். உங்கள் அம்மா சும்மா இருப்பார்களா? "வெளிய மட்டும் வச்சா பத்துமா? உள்ளுக்கும் ஒரு பொட்டு வைலா" என்றார்கள். திறந்து வைத்தேன். சந்தனம் காயட்டும் என்று மத்தியானம்வரை மூடவும் இல்லை.

பிள்ளைக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. சிரித்தால் அப்படியே உங்கள் வாய். இதை எழுத்தில் எப்படிக் காட்டுவேன்?

அமராவதி

ஜூரோங்
14.10.1984

அன்பு அமராவதிக்கு,

படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு அழுகையும் வந்தது.

புதுச் சுருள் அனுப்புகிறேன். தவுக்கேயையே மாட்டித் தரச் சொல். எடுத்து முடித்ததும் அடியிலுள்ள பொத்தானை அழுத்தி, கைப்பிடியைச் சுற்று. ஃபிலிம் முழுக்க டப்பாவுக்குள் போனபிறகே திற. அம்மாவைக் கிட்டே விடாதே!

லீவு கேட்கவில்லை. இந்த முறை படம் வந்துவிடும் அல்லவா?

சேது

புக்கிட் ரோத்தான்
5.11.1984

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் இல்லாமல் தீபாவளி போய்விட்டது. இந்தச் சுருளும் கறுப்புதான். அத்தைமேல் பழி இல்லை.

தவுக்கே சரியாகத்தான் மாட்டித் தந்தார். பிள்ளை தவழ்வதை, குளிப்பதை எல்லாம் எடுத்தேன். கடைசிப் படம் முடிந்ததும் வாசலில் நின்று, சுற்றாமலே மூடியைத் திறந்தேன். தெரிந்தேதான். ஃபிலிமை இழுத்து வெயிலில் பிடித்தேன்.

படம் வந்தால் பொங்கல்வரை தாங்குவீர்கள். பொங்கலுக்கு இன்னொரு படம் கேட்பீர்கள். என்னால் தாங்க முடியவில்லை மாமா. எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும்.

கேமராவை, தீபாவளிக்கு மறுபடி ஊருக்கு வந்த ஐயாவு அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனிச் சுருள் வாங்காதீர்கள், பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்குங்கள். புது ஆளைக் கண்டால் பிள்ளை அழுகிறாள், உங்களைக் கண்டும் அழுவாள். அழுதாலும் விடாமல் தூக்கிக்கொள்ளுங்கள்.

அமராவதி