முதலில் வந்த நம் கடை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முட்டிவலியும் அம்மாவின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் தையல் மெஷின் ரிப்பேர் கடைக்கு இணையதளம் தொடங்கியபோது, எல்லோரும் உங்களைக் கூப்பிடும் 'மெஷின் டாக்டர்' என்ற பேரையே வைக்கச் சொன்னீர்கள். நான்தான் மேதாவி மாதிரி, சிறந்த, மலிவான, விரைவான என்றெல்லாம் சேர்த்து ரயில் நீளத்துக்கு முகவரி வாங்கினேன். தேடினால் நாம்தான் முதலில் வருகிறோம் என்று பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

நேற்று ஆபீசில் பக்கத்து சீட் அக்கா தன் கம்ப்யூட்டரில் தேடினார். ஏழாம் பக்கத்தில் இருந்தோம்.

"நீ தினமும் அதையே திறந்து பாக்குறல்ல, அதான் உனக்கு மட்டும் முதல்ல காட்டுது. பேரை நீட்டிட்டா மேல வந்துடுமா?" என்று சிரித்தார். தினமும் எதற்குத் திறக்கிறேன் என்று கேட்கவில்லை, நல்லவேளை.

நீங்கள் சொன்ன பேரையே வாங்கிவிட்டேன். இனி தளத்தின் முகப்பில் இருக்கும் படத்தைத்தான் மாற்ற வேண்டும். இருக்கிற படத்தில் மெஷினும் உங்கள் கையும்தான் தெரிகின்றன. முகம் தெரிகிற மாதிரி ஒன்று அனுப்புங்கள். முடிந்தால் அம்மாவும் நிற்கட்டும்.

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, மேனேஜர் பார்க்கிறார். படம் வாடிக்கையாளர்களுக்குத்தான். அம்மாவிடம் வேறு மாதிரி சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மகன்