செவுள் முளைக்காத மட்டிக் குஞ்சுகள்

1936, தை 9, புதன்
காலையில் கடும் பனி. பாகூர் ஏரிக்கரையில் எதிரே வந்தவர் முகம் தெரியவில்லை. தொட்டியில் விட்டிருந்த கெளுத்திகளின் செவுளில் ஒட்டிக்கிடந்த மட்டிச் சிப்பிக் குஞ்சுகள் ஒருவழியாக உதிர்ந்தன. பொடி மணல் அளவு. ஏரித் தண்ணீரோடு மண்சட்டிக்கு மாற்றியாயிற்று. பிரெஞ்சுப் பேராசிரியர் முசியே வரும்போது இவை உயிரோடிருந்தால் புதுச்சேரி காலேஜில் உதவியாளர் வேலை. வாத்தியார் வேலைக்கு முழுக்கு.

செங்கமலம் எட்டிப் பார்த்தாள். "மீனு வளத்தா கொழம்பு வெக்கலாம். தூசிய வளத்து இன்னா பண்றது?" மனைவி கேட்கிற கேள்வியா இது.

தை 11, வெள்ளி
மேகமூட்டம். வயிறு சரியில்லை, மோர் மட்டும். மைக்ராஸ்கோப்பில்: இரண்டு ஓடு, ஒரு கால். செவுள் இருக்க வேண்டிய இடத்தில் சின்ன மொட்டுகள், அவ்வளவே. பெரிய மட்டி செவுளால் நீரை வடித்துத் தின்னும். இவை எப்படி? தெரியவில்லை.

வண்ணானிடம் வேட்டி வாங்க வேண்டும்.

தை 13, ஞாயிறு
நாசம். சட்டித் தண்ணீர் பளிங்கு மாதிரி. செங்கமலத்தைக் கேட்டேன்.

"கலங்கலா கெடந்துச்சு, பாவமேன்னு தேத்தாங்கொட்டை தேச்சு வுட்டேன். அந்தத் தண்ணிய நாம குடிப்பமா?"

அவற்றின் சாப்பாடே அந்தக் கலங்கல்தான் என்று கத்தினேன். வேலை போயிற்று என்றேன். மதியம் குழம்பில் உப்பு இல்லை.

தை 14, திங்கள்
சாகவில்லை! கலங்கல் முழுதும் அடியில் படிந்திருக்கிறது. குஞ்சுகள் காலை நீட்டி நீட்டி அதை வாய்க்கு வாரிக்கொள்கின்றன. செவுள் வளரும்வரை காலால்தான் சாப்பாடு போலிருக்கிறது. சந்தோஷம் தாங்கவில்லை. அடுப்படிக்குப் போய் மன்னிப்பு. கூட்டிவந்து காட்டினேன்.

"அய்ய, உங்க தம்பி பந்தியில குந்தினா மாதிரி இல்ல இருக்குது."

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள்: "அதுங்களுக்கு இன்னும் செவுளே மொளைக்கலக்கா."

தை 17, வியாழன்
நல்ல வெயில். குதிரை வண்டியில் முசியே. மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. வேலை எனக்கே என்றார். பிறகு பையிலிருந்து சீசாவை எடுத்தார்.

"அது இன்னாங்க?" என்றாள் செங்கமலம்.

சாராயம், குஞ்சுகளை அதில் போட்டுத்தான் கொண்டுபோவார், கெடாமல் இருக்கும் என்றேன். சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"செவுளு கூட மொளைக்காத கொழந்தைங்களுக்குச் சாராயமா? அந்தத் தொர வூட்டுல இப்டித்தான் வளப்பாங்களா, கேளுங்க."

என்ன சொல்கிறாள் என்று முசியே கேட்டார். சட்டியைப் பிடுங்கினால் வீட்டில் சோறு போகும், பிடுங்காவிட்டால் வேலை போகும். செவுள் வளர்ந்த பிறகு வரச் சொல்கிறாள் என்றேன்.

சீசாவை மூடிப் பையில் வைத்தார். வேலையும் அப்போதுதானாம்.