கதவில் இருக்கும் சாவி

கிலோரன், மேயோ
3 ஜூன் 2014

நொரீன்,

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீ டப்ளினுக்குப் போய் நான்கு வருஷம் ஆகிறது. கடிதம் போடவில்லை என்று உன்னைக் குறை சொல்ல மாட்டேன், நானும் போடவில்லை. ஆனால் உங்கள் சுற்றுலா அலுவலகம் வெளிநாடுகளுக்கு அனுப்பும் விளம்பரப் புத்தகத்தில் நம் ஊரைப் பற்றி வந்திருப்பது உன் எழுத்து. உன்னோடு குடித்தனம் நடத்தியவனுக்கு அது தெரியாதா? “இங்கே சாவி கதவிலேயே இருக்கும். தள்ளிக்கொண்டு வாருங்கள், தேநீர் தயார்.” பக்கத்தில் நான் வாசலில் நிற்கும் படம். கீழே “உள்ளூர்க்காரர் ஒருவர்.”

தள்ளிக்கொண்டுதான் வருகிறார்கள். நேற்று செருப்புகூடப் போடாமல் காலுறையோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தேன். ஒரு ஜெர்மன் தம்பதி உள்ளே வந்தார்கள். அந்த அம்மாள் எனக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலேயே, “பாருங்க, நிஜ ஆளையே உட்கார வச்சிருக்காங்க,” என்றாள். அடுத்த வீட்டுக் கோல்மனுக்குக் கொண்டாட்டம். “வாத்தியாரே, டிக்கெட் போட்டுடுவோம்யா. நீ சிரிச்சா தனி ரேட்டு,” என்கிறான்.

அந்த வரியை எடுத்துவிடு.

ஃபின்டன்

டப்ளின்
11 ஜூன் 2014

அன்புள்ள ஃபின்டன்,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்தேன். வெறும் கோபம்தான் என்றதும் நிம்மதி.

வரி என்னுடையதுதான். நான் கல்யாணமாகி வந்தபோது ஊரில் எல்லார் கதவிலும் சாவி இருந்தது. படத்தில் உன் கதவிலும் இருந்ததே. அடுத்த பதிப்பு வசந்த காலத்தில்தான் வரும்; அதற்கு முன் மாற்ற வழியில்லை. நீ சாவியை எடுத்து உள்ளே வைத்துக்கொள்ளேன். அவ்வளவுதானே.

உன்னுடைய அந்தப் பழைய இருமல் விட்டதா?

நொரீன்

கிலோரன்
15 ஜூன் 2014

நொரீன்,

அவ்வளவுதானே என்கிறாய்.

நீ போன மறு வருஷம் கோல்மன் வீட்டில் திருடு போனது. அன்று முதல் ஊரே பூட்டிக்கொள்கிறது. சாவி கதவில் இருந்தது ஒரே ஒரு வீட்டில். அதுவும் என் சாவி இல்லை. நீ மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாயே, அது.

கதவு நகரும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன். பார்த்தால் யாரோ ஒரு மஞ்சள் மழைக்கோட்டு. முந்தாநாள் வந்தவள், “இப்படித் தனியா இருக்கிறது எவ்வளவு சுகம், குடுத்து வச்சவர் நீங்க,” என்றாள். தேநீர் போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்வது?

இன்று காலை சாவியை எடுத்துவிட்டேன். அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. இனி வருகிறவர்கள் தட்டட்டும். நீ வந்தாலும் தட்டத்தான் வேண்டும். நீ எப்படித் தட்டுவாய் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கதவை நீ தட்டியதே இல்லை.

இருமல் விடவில்லை.

உங்கள் புத்தகத்தில் எனக்குப் பெயர் இல்லை. இதன் அடியிலும் எழுதப் போவதில்லை. கையெழுத்தில்லாமல் இப்படியே தபாலில் போடுகிறேன்.