மூன்று ராத்திரிக் கொட்டகை

மாசி 12, செவ்வாய்

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று. துவரையைக் காயப்போட்டு அள்ள நேரமில்லை. இன்று எலெக்‌ஷன் கூட்டம், பாதி ஊருக்கு நம் வீட்டில் சாப்பாடு. தாலுகா போர்டுக்கு இவர் நிற்கிறார். பேசினவர்கள் எல்லோருக்கும் ஒரே பாட்டு: விஷக்காய்ச்சலை நிறுத்தின ஐயா.

எட்டு வருஷமாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது. காய்ச்சல் வந்து மாமியாரையும் என் மகள் செல்லத்தாயையும் கொண்டுபோன பிறகுதானே மலைப்பாதை முனையில் கொட்டகை போட்டு, தெருவுக்கு முள்படல் கட்டினார்? காய்ச்சல் தானாகப் போயிற்று. கொட்டகை போகவில்லை. மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய் இறங்கி வருகிறவர்கள் இன்றைக்கும் அங்கே மூன்று ராத்திரி கிடந்து, வேப்பிலைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் படல் தாண்ட வேண்டும். அவர்களைத் தொட்டவருக்கும் அதே மூன்று ராத்திரி.

சாயங்காலம் தோட்ட முதலாளி காரில் வந்தார். அவரும் மலையிலிருந்துதான், கம்பம் ரோடு வழியாகச் சுற்றி, கொட்டகைப் பக்கமே வராமல். எங்கள் கூடத்தில் உட்கார்ந்து லொக்கு லொக்கென்று இருமல். இவர் சொம்பும் கையுமாகப் பக்கத்திலேயே. துப்பியதைத் துடைத்தது நான். சீ.

13, புதன்

உளுந்து ஊறப்போட மறந்தேன். மோர் புளித்துவிட்டது.

கொட்டகைக் காவல் பெரியகருப்பன் கொல்லைப்பக்கம் வந்து நின்றான். "ஆத்தா, ஐயாவோட தங்கச்சி வந்திருக்காக. நெறமாசம். டோலியில எறக்கிட்டுப் போயிட்டாக. கொட்டகையில உக்கார வச்சிருக்கேன். நான் என்ன செய்ய?"

வெள்ளையம்மா! மாப்பிள்ளை தோட்டத்தில் மேஸ்திரி. தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டை நம்பி வந்திருக்கிறாள்.

இவரிடம் ஓடினேன். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

"ஊருக்கு ஒரு சட்டம், என் வீட்டுக்கு ஒரு சட்டமா? எதிராளி வாயில போட்டு மெல்லுவான். மூணு ராத்திரிதான. சோறு குடுத்து விடு."

"காருல வந்தவுகளுக்கு?"

"அவுக பெரிய மனுசரு."

சோறு கொடுத்து விட்டேன். ரசம் கொஞ்சம். அவளுக்குப் பிடித்த சுண்டைக்காய் வற்றல். வேறொன்றும் செய்யவில்லை.

14, வியாழன்

விடியுமுன்னே அவளுக்கு வலி. மருத்துவச்சி ராக்கம்மா படலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். "உள்ள போனா மூணு நாளு வெளிய விடமாட்டாக தாயி. கீழத்தெருவுல ஒருத்திக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. அவள ஆரு பாப்பாக?" அவள் மேல் கோபம் வரவில்லை.

நான் தாண்டிப் போனேன். கொட்டகை படலை ஒட்டித்தான். ராக்கம்மா வெளியிலிருந்து கத்திச் சொல்லச் சொல்ல நான் செய்தேன். பெண் குழந்தை. அழுதது. அப்பாடா.

கொட்டகையை இன்றுதான் உள்ளே பார்க்கிறேன். ஆட்டுப்புழுக்கை. மக்கின வைக்கோல். முன்னே கிடந்தவர்கள் விட்டுப்போன கந்தல். மூத்திர வாடை. ஒரு விளக்குமாறு கிடையாது. இதைக் காட்டித்தான் எட்டு வருஷமாக மாலை வாங்குகிறார்.

நோட்டும் பென்சிலும் மடியில் இருந்தது நல்லதாயிற்று.

15, வெள்ளி

கொசு. பெரியகருப்பன் சுடுதண்ணீர் கொண்டுவந்து எட்ட வைத்துவிட்டுப் போகிறான்.

சாயங்காலம் கூட்டம். இவர் குரல் இங்கே வரைக்கும்: "என் கூடப்பெறந்தவ, என் வீட்டுக்காரி, ரெண்டு பேரும் இன்னிக்கிக் கொட்டகையிலதான் இருக்காக! சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணு!" கைதட்டல். சீட்டி. பேசுகிறவரின் பின்னால் முதலாளியின் இருமல்.

வெள்ளையம்மா கேட்டாள்: "மதினி, என்ன பிள்ளன்னு அண்ணன் கேட்டாகளா?"

கேட்டார் என்று சொன்னேன். இல்லை.

16, சனி

வெள்ளையம்மாவுக்கு உடம்பு கொதிக்கிறது. அடிவயிற்றைத் தொட விடவில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கவும் திராணி இல்லை. படலுக்கு அந்தப் பக்கமிருந்து ராக்கம்மா எல்லாம் கேட்டாள். முகம் மாறிவிட்டது. "பிள்ளப்பெத்த காய்ச்சலு தாயி. அழுக்குல பெத்தா இப்பிடித்தேன். சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போயிருங்க."

ஊரில் வேறு பேச்சு. "பாத்தீகளா, மலையில இருந்து கொண்டாந்துட்டா. நல்லவேள, ஐயா உள்ள விடல." கொட்டகை கொடுத்த காய்ச்சல், கொட்டகைக்கே புகழாகிவிட்டது. இவர் சொல்லியனுப்பினார்: காய்ச்சல் விடுகிறவரை படல் திறக்காது.

பதினாறு வருஷம் இந்த மனுஷனுக்கு இலை போட்டேனே.

17, ஞாயிறு. சின்னமனூர்

ஆஸ்பத்திரி வராந்தா. வெள்ளையம்மா உள்ளே. இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டரம்மா. குழந்தைக்கு ஆட்டுப்பால், துணியில் நனைத்து.

காலையில் அடிவாரத்துக்கு விறகு ஏற்றப் போயிருந்த ஓடைப்பட்டிக்காரர் வண்டி திரும்பியது. கெஞ்சி, விறகை இறக்கி, அவளைப் படுக்க வைத்தேன். சின்னமனூருக்கு வண்டிப்பாதை ஊருக்குள் வழியாகத்தான். படலுக்கு அந்தப் பக்கம் கூட்டம், மேளம், கார். மாலையும் கழுத்துமாக இவர்.

"ஏங்க" என்றேன். திரும்பவில்லை. முதலாளியிடம் சிரித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் "ஏங்க". காதில் விழுந்தது, தெரியும்.

கல்யாணமான நாளிலிருந்து வாயால் சொல்லாத, இந்த நோட்டில்கூட எழுதாத பெயரை ஊர் கேட்கக் கத்தினேன்.

"ஏலே சுருளிச்சாமி! படலத் தெற!"

மேளம் நின்றது. இவர் நின்ற இடத்திலேயே நின்றார். பெரியகருப்பன்தான் திறந்துவிட்டான்.

தெரு நெடுக வாசலுக்கு வாசல் பெண்கள், வாயில் கையை வைத்துக்கொண்டு. "ஆத்தாடி, புருசன் பேரச் சொல்லிப்புட்டாளே!" "ஊருக்கு என்ன கேடு வரப்போகுதோ!" ஒருத்தி எங்கள் வண்டித்தடத்தில் சாணித் தண்ணீர் தெளித்தாள். வண்டியில் கிடப்பவளுக்கு என்ன என்று ஒருவர் கேட்கவில்லை.